மில்லிங் மெஷினுக்கு வீட்டில் செய்த லேசர் மையங்காட்டி: புள்ளியை நேராக்குவதா, சுழல விடுவதா?

சில்லுமேடு எழுதியது:

பட்டறை நண்பர்களுக்கு வணக்கம். சென்டர் பஞ்ச் குறியின் (துளையிடும் இடத்தைக் காட்ட அடித்த சிறு குழி) மேலோ, கோடிட்டு வைத்த குறுக்குக்கோட்டின் மேலோ ஸ்பிண்டிலை (வெட்டுக்கருவியைச் சுழற்றும் தண்டை) விரைவாகக் கொண்டுவந்து நிறுத்துவதற்காக ஒரு லேசர் மையங்காட்டி செய்திருக்கிறேன். அமைப்பைச் சொல்லிவிட்டு என் கேள்விக்கு வருகிறேன்.

உடல் 25 மி.மீ. அலுமினியத் தண்டு, இரண்டு துண்டாக, நடுவில் மரையிட்டு இணைத்தது. மேல்துண்டின் தலையில் கோலெட்டில் (ஸ்பிண்டிலில் கருவியை இறுகப் பிடிக்கும் வளையம்) பிடிப்பதற்கு 12 மி.மீ. ஷாங்க் (பிடிதண்டு) கடைந்திருக்கிறேன். அதன் அடிப்பக்கக் குழியில் மூன்று எல்ஆர்44 பொத்தான் செல்கள் அடுக்காக நிற்கின்றன. கீழ்த்துண்டில் 14 மி.மீ. துளை, அதற்குள் 12 மி.மீ. விட்டமுள்ள பித்தளை உறையிட்ட 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் மாட்யூல் இருக்கிறது. மாட்யூலின் மேல்முனையை ஓர் ஓ-ரிங் தாங்குகிறது. கீழ்முனையை 90 பாகை இடைவெளியில் நான்கு எம்3 கிரப் ஸ்க்ரூக்கள் (தலையில்லாச் சிறு திருகுகள்) பிடிக்கின்றன. ஆகவே ஓ-ரிங் பந்துமூட்டுப்போல் வேலை செய்ய, ஸ்க்ரூக்களைத் திருகி மாட்யூலை எந்தப் பக்கமும் சாய்க்கலாம். தனியாகச் சுவிட்ச் வைக்கவில்லை. இரு துண்டுகளுக்கு இடையிலான மரையை அரைச்சுற்றுத் தளர்த்தினால் தொடர்பு விட்டு விளக்கு அணைகிறது.

செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு மின் விஷயம். என்னிடமுள்ள மாட்யூலில் பித்தளை உறையே நேர்முனை; பின்புறச் சிறு பலகையில் இருக்கும் ஸ்பிரிங் எதிர்முனை. இந்த வகை மாட்யூல்கள் பலவும் இப்படித்தான் வருகின்றன என்றாலும், மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் செல்களைப் போட வேண்டாம். கிரப் ஸ்க்ரூக்கள் உறையைத் தொடுவதால் முழு உடலும் நேர்முனையாகிவிடுகிறது. எனவே செல்களின் தட்டையான நேர்முகம் மேலே உடலைத் தொட வேண்டும்; அவற்றின் பக்கங்கள் உடலைத் தொடாதபடி மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றும் வேண்டும்.

இனி கேள்வி. ஸ்பிண்டிலைக் கையால் சுற்றினால் மேசையில் விழும் புள்ளி ஓரிடத்தில் நிற்காமல் சிறு வட்டம் போடுகிறது. ஒரு ஸ்க்ரூவைத் தளர்த்தி எதிரிலுள்ளதை இறுக்கினால் வட்டம் குறைகிறது. மற்ற இரண்டை இறுக்கும்போது பழையபடி பெருகிவிடுகிறது. மேசையை இறக்கினால் வட்டமும் மாறுகிறது. இதை ஒழுங்காக நேராக்க முறை உண்டா? நேராக்கிய பிறகு எவ்வளவு துல்லியத்தை எதிர்பார்க்கலாம்?

பழையபிட்டர் எழுதியது:

வேலைப்பாடு நன்றாக இருக்கிறது. குறை சொல்ல வரவில்லை. ஆனால் துல்லியத்தைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். 10 மி.மீ. ஷாங்க் கொண்ட சாதாரண எட்ஜ் ஃபைண்டர், அடிமுனை பக்கவாட்டில் நழுவும் அந்தக் கணத்தைக் கவனித்து நிறுத்தத் தெரிந்தவர் கையில், 0.01 மி.மீ. அளவுக்கு விளிம்பைக் காட்டும். துளையின் மையத்திற்கு டயல் டெஸ்ட் இண்டிகேட்டர் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவி) இருக்கிறது. அதைவிட நம்பகமானது எதுவும் இல்லை. பஞ்ச் குறிக்கு விக்லர் (ஸ்பிண்டிலில் பிடிக்கும் கூர்முனைக் கம்பி) ஊசி போதும். லேசர்ப் புள்ளியோ பெரும்பாலும் அரை மி.மீ. அகலத்துக்குக் குறைவதில்லை. அரை மி.மீ. அகலமுள்ள ஒன்றை வைத்துக்கொண்டு நூறில் ஒரு மி.மீ. தேடுவது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

இன்னொன்று: குறுக்குக்கோடே ஸ்க்ரைபரால் கீறியது. அந்தக் கோட்டுக்கும் அகலம் உண்டு, அதைக் கீறிய கைக்கும் பிழை உண்டு. குறியே அப்படியிருக்கும்போது, அதைத் தேடும் கருவியை மட்டும் எவ்வளவு கூர்மையாக்கி என்ன பயன்?

ஒளிக்கோடு எழுதியது:

பழையபிட்டர் ஐயா சொல்லும் வரம்பு உண்மை. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் சில்லுமேடு கேட்ட கேள்வி.

லேசர்க் கதிர் ஸ்பிண்டிலின் அச்சோடு பொருந்தாமல் போவதற்கு இரண்டு தனித்தனிக் காரணங்கள் உண்டு. கதிர் அச்சுக்கு இணையாக இருந்தும் பக்கவாட்டில் தள்ளி நிற்கலாம். இதை விலகல் பிழை என்று வைத்துக்கொள்வோம். அல்லது அச்சிலிருந்தே புறப்பட்டாலும் சாய்ந்து போகலாம். இது சாய்வுப் பிழை. விலகல் மட்டும் இருந்தால் மேசையை ஏற்றினாலும் இறக்கினாலும் வட்டத்தின் அளவு மாறாது. சாய்வு இருந்தால் தூரம் கூடக்கூட வட்டம் பெருகும். நடைமுறையில் இரண்டும் கலந்தே இருக்கும். ஒவ்வொரு பிழைக்கும் இரண்டு திசைகள் உண்டென்பதால் சரிசெய்ய வேண்டியவை மொத்தம் நான்கு. உங்கள் நான்கு ஸ்க்ரூக்கள் ஒரே வளையத்தில் இருப்பதால் அவற்றால் இரண்டைத்தான் ஆள முடியும்; எதிரெதிர் ஸ்க்ரூக்கள் ஒரு திசைக்கு ஒரு சோடி என்றுதான் கணக்கு. மற்ற இரண்டையும் ஓ-ரிங் தன் போக்கில் முடிவு செய்துவிடுகிறது.

கதிர் அச்சை வெட்டாமல் அதன் பக்கத்தால் குறுக்காகக் கடந்து போனால் இன்னொரு சிக்கல் வரும். அப்போது அது சுழன்று உண்டாக்கும் வடிவம் கூம்பு அல்ல, நடுவில் இடை சிறுத்த அதிபரவளையப் பரப்பு. எந்த உயரத்தில் வைத்தாலும் வட்டம் புள்ளியாகச் சுருங்காது. இடையின் அளவுக்கு வந்து நின்று மறுபடி பெருகும். பலர் ஸ்க்ரூக்களோடு மல்லாடுவது இந்த இடத்தில்தான்.

ஆகவே திருகுவதற்கு முன் அளந்து பாருங்கள். மூன்று உயரங்களில் வட்டத்தின் விட்டத்தை எடுத்து இங்கே எழுதுங்கள்.

சில்லுமேடு எழுதியது:

அளந்தேன். கருவியின் முனையிலிருந்து 120 மி.மீ. தூரத்தில் வட்டத்தின் விட்டம் 1.5 மி.மீ.; 300 மி.மீ. தூரத்தில் 3.1, மேசையை ஒதுக்கிவிட்டுத் தரையிலிருந்து எழுப்பிய பலகையில் 600 மி.மீ. தூரத்தில் 5.8. புள்ளியின் நடுவை வைத்து, பச்சைக் கட்டத்தாளில் எடுத்த அளவுகள் இவை. கடைசி இலக்கத்தை அப்படியே நம்ப வேண்டாம்.

ஒளிக்கோடு எழுதியது:

இந்த மூன்று எண்களே போதும். முதல் இரண்டுக்கும் நடுவில் 180 மி.மீ. தூரத்துக்கு விட்டம் 1.6 கூடுகிறது, அடுத்த 300 மி.மீ. தூரத்துக்கு 2.7 கூடுகிறது. இரண்டிலும் வீதம் மி.மீ.க்கு ஏறத்தாழ 0.009. ஆரத்துக்கு அதில் பாதி, அதாவது சாய்வு ஏறக்குறைய கால் பாகை. இதே வீதத்தில் பின்னோக்கி நீட்டினால் விட்டம் சுழியாகும் இடம் முனைக்கு மேலே 50 மி.மீ. அளவில் வருகிறது. உங்கள் ஓ-ரிங் அந்த உயரத்தில்தானே இருக்கிறது? அப்படியானால் கதிர் ஓ-ரிங் இருக்கும் இடத்தில் அச்சை ஒட்டியே கடக்கிறது. உங்களுக்குள்ளது கிட்டத்தட்டச் சாய்வுப் பிழை மட்டும். நான்கு ஸ்க்ரூக்களால் சரிசெய்யக்கூடிய பிழை அதுவே.

செய்முறை எளிது. தொலைவில் வைத்துத் திருத்துங்கள், அருகில் வைத்தல்ல. கருவியை வி-பிளாக்கில் (V வடிவப் பள்ளமுள்ள தாங்கி) படுக்க வைத்து உருட்டி, 3 மீட்டருக்கு அப்பாலுள்ள சுவரில் விழும் வட்டத்தைப் பாருங்கள். அங்கே வட்டத்தை 2 மி.மீ. விட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் சாய்வு மீட்டருக்கு 0.33 மி.மீ. என்றாகிறது; வேலைத் தூரமான 150 மி.மீ.இல் அது தரும் பிழை வெறும் 0.05. ஒரு ஸ்க்ரூவைத் தளர்த்திய அளவுக்கே எதிரிலுள்ளதை இறுக்க வேண்டும். இரண்டையும் ஒருசேர இறுக்கினால் மாட்யூல் நசுங்கி லென்ஸ் இடம் மாறும். கடைசித் திருத்தத்தை மட்டும் ஸ்பிண்டிலில் பிடித்துச் செய்யுங்கள், ஏனென்றால் கோலெட்டின் ரன்அவுட்டும் (சுழலும்போது மையத்திலிருந்து விலகும் அளவு) கணக்கில் சேரும்.

சுழலச்சு எழுதியது:

ஒளிக்கோடு சொன்ன முறையில் தவறில்லை. ஆனால் அந்த உழைப்பே தேவையில்லை என்பது என் கருத்து. கதிரை நேராக்காதீர்கள். இன்னும் கொஞ்சம் சாய்த்துவிட்டு ஸ்பிண்டிலை ஓடவிடுங்கள்.

காரணம் இதுதான். கதிர் எப்படிச் சாய்ந்திருந்தாலும், எவ்வளவு விலகியிருந்தாலும், ஷாங்க் கோணலாகப் பிடிக்கப்பட்டிருந்தாலும், ஸ்பிண்டில் சுழலும்போது புள்ளி வரைகிற வட்டத்தின் மையம் சுழற்சி அச்சிலேயே இருக்கும்; மேசைப்பரப்பு அச்சுக்குச் செங்குத்தாக இருந்தால் போதும். மேலே சொன்ன அதிபரவளையச் சிக்கலும் இங்கே ஒன்றும் செய்யாது. இடை சுருங்காவிட்டாலும் அதன் மையம் மாறுவதில்லை. கோலெட் இல்லாமல் 0.1 மி.மீ. ரன்அவுட் உள்ள டிரில் சக்கில் பிடித்தாலும் வட்டத்தின் மையம் அதே இடத்தில்தான் இருக்கும். நிலையான புள்ளியை நம்பினால் கருவியின் ஒவ்வொரு பிழையும் வேலைக்கு வந்து சேரும். சுழலும் வட்டத்தை நம்பினால் அவை அனைத்தும் வட்டத்தின் ஆரத்துக்குள் அடங்கிவிடும். ஆரம் எவ்வளவென்று நமக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொரு வசதி, துளையின் மையம். உங்கள் துளை 14, மாட்யூல் 12. பக்கத்துக்கு 1 மி.மீ. இடம் இருக்கிறது. ஓ-ரிங்கிலிருந்து ஸ்க்ரூக்கள் 25 மி.மீ. தள்ளியிருந்தால் 2 பாகை வரை சாய்க்கலாம். அந்தச் சாய்வில், அச்சை வெட்டும் இடத்திலிருந்து ஒவ்வொரு மி.மீ.க்கும் வட்டத்தின் விட்டம் 0.07 கூடும். உங்கள் வெட்டுமிடம் முனைக்கு 50 மி.மீ. மேலே என்பதால், முனையிலிருந்து 60 மி.மீ. கீழே ஏறக்குறைய 7.7 மி.மீ. வட்டமும், 120 மி.மீ. கீழே 12 மி.மீ. வட்டமும், 250 மி.மீ. கீழே 21 மி.மீ. வட்டமும் கிடைக்கும். அதாவது குயிலையோ (ஸ்பிண்டிலைத் தாங்கி ஏறி இறங்கும் உருளை) மேசையையோ ஏற்றி இறக்கி, வட்டத்தைத் துளையின் விளிம்புக்குச் சரியான அளவாகப் பொருத்திக்கொள்ளலாம். வட்டம் துளையைவிட ஒரு மயிரிழை பெரிதாக இருக்கும்படி நிறுத்தினால், சிவப்புக் கோட்டுக்கும் துளை விளிம்புக்கும் இடையில் மெல்லிய உலோகப் பட்டை தெரியும். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருந்தால் கண் உடனே கண்டுபிடித்துவிடும். பிறகு வட்டத்தை மெல்லச் சுருக்குங்கள். விளிம்பைத் தொட்டதும் கோடு துளைக்குள் விழுந்து மறையும். மையம் தவறியிருந்தால் ஒரு பக்கம் முதலில் மறையும். சரியாக இருந்தால் சுற்றிலும் ஒன்றாக மறையும். அகலமான புள்ளியின் நடுவை ஊகிப்பதைவிட இது பலமடங்கு நுட்பமான சோதனை. பழையபிட்டர் ஐயாவின் 'அரை மி.மீ. அகலம்' என்ற கேள்விக்கும் என் பதில் இதுதான்: அகலத்தை நாம் அளக்கவில்லை, இருபக்கமும் ஒத்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறோம்.

அந்த அகலத்தையும் குறைக்கலாம். லேசர் டையோடிலிருந்து வரும் ஒளிக்கற்றை வட்டமானதல்ல. ஒரு திசையில் அதிகமாகவும் செங்குத்துத் திசையில் குறைவாகவும் விரிவதால் புள்ளி நீள்வட்டமாக விழுகிறது. மாட்யூல் ஸ்பிண்டிலோடு சேர்ந்து சுற்றுவதால், அந்த நீள்வட்டத்தின் குறுகிய பக்கம் எந்த நேரமும் மையத்தை நோக்கி ஒரே விதமாகவே நிற்கும். ஆகவே மாட்யூலை அதன் துளைக்குள் திருகி, நீள்வட்டத்தின் நீண்ட பக்கம் வட்டத்தின் சுற்றுத்திசையிலும் குறுகிய பக்கம் ஆரத்திசையிலும் வரும்படி செய்யுங்கள். தடித்த கோடு மெலிந்த கோடாகும். செலவில்லாத திருத்தம், அரைச்சுற்றுக்குள் முடிந்துவிடும்.

பழையபிட்டர் எழுதியது:

மையம் அச்சில்தான் இருக்கும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அது வடிவகணிதம், மறுக்க இடமில்லை. என் கவலை வேறு. நான்கு கிரப் ஸ்க்ரூக்கள் பிடித்த மாட்யூலையும் தளர்வாக அடுக்கிய செல்களையும் ஓடும் ஸ்பிண்டிலில் மாட்டச் சொல்கிறீர்கள். கண்ணுக்குத் தொடர்ச்சியான வட்டம் தெரிய எவ்வளவு வேகம் வேண்டும்? பளபளப்பாக மில் செய்த பரப்பில் அந்தக் கதிர் பட்டுத் திரும்பி, குனிந்து பார்ப்பவர் கண்ணில் விழாதா?

மற்றொன்றையும் சொல்லிவிடுகிறேன். லேசர் தொலைவிலிருந்து பார்க்கும். டிரில் கிட்டே வந்து வெட்டும். இடையில் மேசையை 100 மி.மீ. ஏற்றினால், தலை (ஸ்பிண்டிலைத் தாங்கும் மேற்பகுதி) செங்குத்தில் இல்லாத மெஷினில் இடம் நகர்ந்துவிடும். 200 மி.மீ. அகலத்துக்கு இண்டிகேட்டர் 0.1 காட்டினால், 100 மி.மீ. ஏற்றத்தில் 0.05 போய்விட்டது. தலையைச் சரிபார்க்காதவர் லேசரைக் குறை சொல்லக் கூடாது.

சுழலச்சு எழுதியது:

நிமிடத்துக்கு 600 சுற்றில் வட்டம் சற்று நடுங்கும். 1000 சுற்றில், அதாவது நொடிக்குப் பதினாறுக்கு மேல், ஏறக்குறைய தொடர்ச்சியான கோடாகத் தெரியும். விசையைக் கணக்கிடுவோம். கருவி முழுவதும் 100 கிராம், அதன் எடைமையம் அச்சிலிருந்து 0.3 மி.மீ. தள்ளியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 1000 சுற்றில் வெளித்தள்ளும் விசை ஏறத்தாழ 0.33 நியூட்டன், 34 கிராம் எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். கோலெட்டுக்கு அது ஒரு பொருட்டல்ல. ஆனால் விசை வேகத்தின் இருமடியில் கூடும் என்பதை மறக்கக் கூடாது. முந்தைய வேலைக்கு 3000 சுற்றில் வைத்திருந்த மெஷினை அப்படியே தட்டிவிட்டால் அது ஒன்பது மடங்காகும். ஆகையால் வேகத்தைக் குறைத்துவிட்டே கருவியை மாட்டும் பழக்கம் வேண்டும். கிரப் ஸ்க்ரூக்களுக்கு மென்மையான மரைப்பசை ஒரு துளி போதும். செல்களைச் சுற்றி சில்லுமேடு வைத்திருக்கும் பிளாஸ்டிக் குழாய் அவற்றை நடுவில் பிடித்துக்கொள்ளும்.

கண்ணைப் பற்றிய கேள்வியை ஒளிக்கோட்டிடம் விடுகிறேன்.

ஒளிக்கோடு எழுதியது:

கண்ணுக்கான விதி: 1 மில்லிவாட்டுக்கு மேற்படாத, கண்ணுக்குத் தெரியும் லேசர் இரண்டாம் வகுப்பைச் சேர்ந்தது. தற்செயலாகப் பட்டால் கால் நொடிக்குள் கண் தானாக மூடிக்கொள்ளும் என்ற அடிப்படையில் அது பாதுகாப்பானதாகக் கொள்ளப்படுகிறது. 5 மில்லிவாட் என்று அச்சிட்டு வரும் மாட்யூல்கள் அதற்கு மேற்பட்ட வகுப்பு. மலிவானவற்றில் அச்சிட்ட அளவையும் தாண்டுபவை உண்டு. பளபளக்கும் உலோகம் கண்ணாடியைப் போலவே திருப்பி அனுப்பும் என்பதால் ஐயாவின் எச்சரிக்கை முற்றிலும் நியாயமானது. வேலைப்பரப்பில் லேஅவுட் நீலமோ (குறியிடப் பூசும் நீலச் சாயம்) வெள்ளைக் காகித ஒட்டுநாடாவோ பூசிவிட்டுப் பாருங்கள். எதிரொளி அடங்குவதோடு கோடும் தெளிவாகத் தெரியும்.

ஒளியைக் குறைக்க வோல்ட்டைக் குறைக்க வேண்டாம். டையோடு ஒரு வாசல் மின்னோட்டத்துக்குக் கீழே லேசராகவே வேலை செய்யாது. வாசலை ஒட்டி ஓட்டினால் செல் சற்று இறங்கினாலும் புள்ளி மங்கி அணைந்துவிடும். அதற்குப் பதில் முனையில் ஒரு போலராய்டு ஃபில்டரை வையுங்கள். டையோடின் ஒளி இயல்பாகவே ஒரே தளத்தில் அதிர்வதால், ஒற்றை ஃபில்டரைத் திருப்பினாலே ஒளியை வேண்டிய அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். புள்ளி கண்ணைக் கூசும்போது அதன் உண்மையான அளவைவிடப் பெரிதாகத் தெரியும். மங்கச் செய்தால் அதுவே சிறுத்துத் தெரியும். துல்லியத்துக்கு இந்த ஒரு ஃபில்டர் செய்யும் உதவியை வேறெதுவும் செய்வதில்லை.

புள்ளியைச் சிறிதாக்க முனையில் ஊசித்துளைத் தகடு வைப்பது பலர் செய்யும் வேலை. அதற்கு ஒரு வரம்பு உண்டு. துளை சிறுக்கச் சிறுக்க விளிம்பு விளைவால் ஒளி விரியத் தொடங்கும். 650 நானோமீட்டர் ஒளி 0.5 மி.மீ. துளை வழியே சென்றால், 150 மி.மீ. தூரத்தில் நடுப்பொட்டின் விட்டம் ஏறக்குறைய 0.48 மி.மீ. துளையை 0.3 ஆக்கினால் பொட்டு சிறுப்பதற்குப் பதில் 0.8ஆகப் பெருகிவிடும். ஆகவே ஊசித்துளையில் அரை மி.மீ.க்குக் கீழே போவதில் பயனில்லை. பொட்டைச் சுற்றி வரும் மெல்லிய ஒளிவளையங்கள் மையம் பார்க்க உதவும் என்பது வேறு விஷயம்.

சிறந்த வழி, மாட்யூலின் லென்ஸைத் திருகி வேலைத்தூரத்தில் குவிப்பதே. லென்ஸில் 3 மி.மீ. அகலத்துக்கு ஒளி நிறைந்திருந்தால், 150 மி.மீ.இல் கொள்கையளவில் 0.04 மி.மீ. வரை குவியலாம். மலிவான பிளாஸ்டிக் லென்ஸ் அவ்வளவு தராது என்றாலும், 0.1 அல்லது 0.15 எட்டக்கூடியதே. இதற்கு விலை என்னவென்றால், அந்த ஒரு தூரத்தில்தான் கூர்மை, 50 மி.மீ. ஏற்றினால் புள்ளி தடிக்கும். சுழலச்சு சொன்ன முறையில் வட்டத்தை உயரத்தால் மாற்ற வேண்டியிருப்பதால் இரண்டுக்கும் இடையே ஒரு சமரசம் செய்துகொள்ள வேண்டும். நீங்கள் அடிக்கடி பார்க்கும் துளை அளவுக்கு எந்த உயரம் வருகிறதோ, அந்த உயரத்தில் குவியத்தை வைத்துவிடுங்கள்.

பச்சை லேசர் கண்ணுக்கு இன்னும் நன்றாகத் தெரியுமே என்று யாரேனும் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். 532 நானோமீட்டர் பச்சைச் சுட்டிகளில் 808 நானோமீட்டர் டையோடு ஒன்று படிகத்தை இயக்க, 1064 நானோமீட்டர் ஒளி உண்டாகி, அது பாதி அலைநீளத்துக்கு மாற்றப்படுகிறது. மலிவானவற்றில் இந்த அகச்சிவப்பை வடிகட்டும் ஃபில்டர் இல்லாமலே வருவதுண்டு. கண்ணுக்குத் தெரியாத கதிருக்குக் கண் மூடிக்கொள்ளாது. மில்லிங் மேசைக்கு அது வேண்டாம்.

உருளைத்தூண் எழுதியது:

என் மெஷின் உருண்டைத் தூண் கொண்ட மில்-டிரில் வகை. இந்த வகையை வைத்திருப்பவர்களுக்கு வேதனை தெரியும்: டிரில் நீளமாக இருக்கிறதென்று தலையை உயர்த்தினால், தலை தூணைச் சுற்றி நகர்ந்து, பார்த்து வைத்த மையம் தொலைந்துவிடும். என் பார்வையில் லேசருக்குப் பட்டறையில் இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. ஸ்பிண்டிலில் வைப்பதற்குப் பதிலாகத் தலையின் பக்கத்தில் உறுதியாகப் பொருத்தி, எதிர்ச்சுவரில் தூக்குநூல் விட்டு வரைந்த செங்குத்துக்கோட்டின் மேல் விழ வைத்திருக்கிறேன். தலையை உயர்த்திய பிறகு, லேசர் மறுபடி அந்தக் கோட்டில் விழும் வரை தலையைத் திருப்பிப் பூட்டினால் போதும்.

கணக்கு எளிது. தூணுக்கும் ஸ்பிண்டிலுக்கும் 200 மி.மீ., தூணுக்கும் சுவருக்கும் 4 மீட்டர் என்றால் இருபது மடங்கு நெம்பு. சுவரில் 1 மி.மீ. தவறினாலும் ஸ்பிண்டிலில் 0.05 தான் தவறும். ஸ்பிண்டிலில் வைத்த லேசரில் புள்ளியின் அகலம் அப்படியே பிழையாகிறது. இங்கே அதே அகலம் இருபதால் வகுபடுகிறது. கோட்டு லென்ஸ் உள்ள மாட்யூலாக இருந்தால் இன்னும் வசதி, ஏனென்றால் தலை உயரும்போது புள்ளியும் உயர்ந்துகொண்டே போகும். தூண் செங்குத்தாக நிற்கிறதா என்பதை மட்டும் முதலில் பார்த்துவிட வேண்டும். தூண் சாய்ந்திருந்தால் சுவர்க்கோட்டைத் தூக்குநூலால் வரையாமல், தலையைத் திருப்பாமல் உயர்த்தக்கூடிய ஏற்பாடு ஒன்றைச் செய்து, லேசர் போகும் பாதையையே கோடாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சில்லுமேடு எழுதியது:

சொன்னவற்றைச் செய்து பார்த்துவிட்டேன். ஓ-ரிங் அதே இடத்தில் இருக்க, ஒரு பக்க ஸ்க்ரூவை முழுதாகத் தளர்த்திச் சாய்வை 2 பாகைக்குச் சற்றுக் குறைவாக வைத்தேன். மாட்யூலைத் திருகியதும் கோடு மெலிந்ததைக் கண்ணால் பார்க்க முடிந்தது; அந்தத் திருத்தத்துக்கு சுழலச்சுவுக்குத் தனி நன்றி. பழைய வெயில்கண்ணாடி ஒன்றின் போலராய்டுத் துண்டை வட்டமாக வெட்டி முனையில் ஒரு மூடிக்குள் வைத்திருக்கிறேன். மூடியைத் திருப்பினால் ஒளி கூடுகிறது, குறைகிறது.

சோதனை இப்படி: 12 மி.மீ. ரீமர் (துளையைத் துல்லியமாக்கும் கருவி) விட்ட துளையை டயல் டெஸ்ட் இண்டிகேட்டரால் மையம் பார்த்து டிஆர்ஓவைச் (மேசையின் நிலையை எண்ணில் காட்டும் கருவி) சுழியாக்கினேன். பிறகு மேசையை நகர்த்திவிட்டு, எண்களைத் துணியால் மறைத்துக்கொண்டு, வட்டத்தை மட்டும் பார்த்து மறுபடி மையத்துக்கு வந்தேன். நீலம் பூசிய பரப்பில் வித்தியாசம் பெரும்பாலும் 0.05க்குள் இருந்தது. பூசாத பளபளப்பான பரப்பில் 0.1ஐத் தொட்டது, ஒளி சிதறி மணல்போல் மினுங்குவதால் கோட்டின் ஓரம் எதுவென்று தெரியவில்லை. துளை விளிம்பில் சாம்ஃபர் (விளிம்பில் வெட்டிய சரிவு) இருந்தால் கோடு சரிவில் இறங்கும் இடமும் துளைக்குள் மறையும் இடமும் குழம்புகின்றன. சாம்ஃபர் சீராக இல்லாத துளையில் இந்த முறையை நம்ப மாட்டேன்.

பஞ்ச் குறிக்கு 12 மி.மீ. வட்டம் உதவவில்லை, அவ்வளவு பெரிய வட்டத்தின் நடுவில் சிறு குழியைப் பார்த்துச் சமன்செய்வது கடினம். அதற்குச் சாய்வைக் குறைத்து, குறியைவிடச் சற்றே பெரிய வட்டமாக வைத்தால் நன்றாகத் தெரிகிறது. வட்டத்தின் ஒரு பகுதி குழியின் சரிவில் ஏறினால் அந்த இடத்தில் மட்டும் சிவப்பு மங்கி, ஒரு கீற்று ஒளி பக்கவாட்டில் வைஸின் தாடையில் தெறிக்கிறது. அந்தக் கீற்று எந்தத் திசையிலும் வராதபடி மேசையை நகர்த்துவதே இப்போது என் வழக்கம். இதற்காக இன்னொரு கீழ்த்துண்டு கடையப் போகிறேன். மேல்துண்டும் செல்களும் பொதுவாக இருக்கும்.

எட்ஜ் ஃபைண்டரை ஒதுக்கவில்லை. பக்கவிளிம்பிலிருந்து அளவெடுக்க வேண்டிய வேலைக்கு அதுதான். குறியிட்ட பிளாங்கில் துளையிடவும், ஏற்கெனவே இருக்கும் போல்ட் துளைகளின் மேல் வந்து நிற்கவும், இண்டிகேட்டர் வைப்பதற்கு முன் கிட்டத்தில் கொண்டுவந்து சேர்க்கவும் லேசர்.

பழையபிட்டர் எழுதியது:

0.05 என்றால் போல்ட் துளைக்குத் தாராளம், மறுப்பை விலக்கிக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம் பாக்கி. பரப்பு அச்சுக்குச் செங்குத்தாக இருந்தால் போதும் என்று சுழலச்சு முதலிலேயே நிபந்தனை போட்டார். வார்ப்புத் துண்டுகளில் பரப்பு அப்படி இருப்பதில்லையே; சரிவான பரப்பில் வட்டம் நீள்வட்டமாகிவிடும், அதன் நடு அச்சில் இருக்காது. அந்தப் பிழை எவ்வளவு?

சுழலச்சு எழுதியது:

சரியான கேள்வி. கூம்பைச் சரிவாக வெட்டினால் வரும் நீள்வட்டத்தின் நடு, சரிவின் தாழ்ந்த பக்கம் நகரும். நகரும் அளவு ஏறத்தாழ வட்டத்தின் ஆரம், கதிர்ச் சாய்வின் டேன்ஜென்ட், பரப்புச் சரிவின் டேன்ஜென்ட் ஆகிய மூன்றின் பெருக்கம். 20 மி.மீ. வட்டம், 2 பாகைச் சாய்வு, பரப்பு 10 பாகை சரிந்திருக்கிறது என்றால் 0.06 மி.மீ. சரிவு 2 பாகைதான் என்றால் 0.012. ஆகவே வார்ப்பின் சாதாரண இழுவைச் சரிவு (வார்ப்பு எளிதாக வெளிவர வைக்கும் சாய்வு) பொருட்டல்ல.

சரிவைவிட மேடுபள்ளம்தான் தொல்லை. பரப்பின் ஒரு பக்கம் 1 மி.மீ. உயர்ந்திருந்தால் அந்தப் பக்கக் கோடு 0.035 உள்ளே வரும், அதுவும் ஓரிடத்தில் மட்டும். பார்ப்பவர் அதை மையப்பிழை என்று எண்ணி மேசையை நகர்த்திவிடுவார். கரடான வார்ப்பில் கதிரைக் கால் பாகைக்கும் குறைவாக வைத்து, சிறு வட்டத்தோடு வேலை செய்யுங்கள். அங்கே சில்லுமேடு கடையப்போகும் இரண்டாவது கீழ்த்துண்டே பொருத்தம்.

சில்லுமேடு எழுதியது:

அப்படியானால் இரண்டாவது துண்டில் துளையை 12.5 ஆகவே வைக்கிறேன். பக்கத்துக்குக் கால் மி.மீ. இடம், 25 மி.மீ. தூரத்தில் ஏறக்குறைய அரைப் பாகைக்கு மேல் சாய்க்கவே முடியாது. ஓ-ரிங்குக்கான பள்ளத்தை மட்டும் அதற்கேற்ப ஆழம் கூட்டிக் கடைய வேண்டும்.